இன்ஜினுக்குள் கடல்நீர் ஆவி... நச்சுப்புகையைக் குறைத்த கப்பல்!

விறகடுப்பில் தீ மளமளவென எழுந்தால், கையில் தண்ணீரை அள்ளித் தெளித்து அடக்குவார்கள் பாட்டிகள். கிட்டத்தட்ட அதே வேலையை ஒரு பயணிகள் கப்பலின் டீசல் இன்ஜினிலும் செய்திருக்கிறார்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமுக்கும் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் இடையே ஓடிய 'மரியெல்லா'தான் அந்தக் கப்பல்.

தீக்கும் தண்ணீருக்கும் ஆகாது. பிறகு எதற்கு இந்த விபரீத விளையாட்டு? எல்லாம் நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கத்தான்!

காற்றே காரணம்!

காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். சாதாரண நேரத்தில் அது எதனோடும் சேராத பரம சாது. ஆனால், தீயின் வெப்பம் சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆக்ஸிஜனோடு கூட்டு சேர ஆரம்பித்துவிடும். வெப்பம் ஏற ஏற, நைட்ரஜன் ஆக்ஸைடும் பல மடங்கு பெருகும். இந்த வேதிவினையை 1940-களில் விளக்கியவர், சோவியத் விஞ்ஞானி யாகோவ் ஸெல்டோவிச். எவ்வளவு சுத்தமான எரிபொருளாக இருந்தாலும், தீ அதிக சூடானால் இந்தப் புகை வரவே செய்யும்.

இது நுரையீரலைப் பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களைப் பாடாய்ப்படுத்தும். அமில மழைக்கும் வழிவகுக்கும். பால்டிக் கடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றிலிருந்து இறங்கும் நைட்ரஜன் கடலுக்கு உரமாகிப் பாசி மண்டுகிறது. அந்தப் பாசி மட்கும்போது, கடலடியில் ஆக்ஸிஜன் குறைந்துவிடுகிறது. அதனால்தான் இந்தப் புகையைக் குறைக்கும் கப்பல்களுக்கு 1998 முதல் கட்டணச் சலுகை கொடுத்தது ஸ்வீடன்.

ஆவி என்ன செய்யும்?

1999-ல் மரியெல்லாவில் புதிய கருவி பொருத்தப்பட்டது. டர்போசார்ஜரிலிருந்து வரும் சூடான காற்றில் கடல்நீரைத் தெளிப்பதுதான் அதன் வேலை. தண்ணீர் ஆவியாகிக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் போகும். உப்பு, மிச்சமிருக்கும் நீரோடு தங்கிவிடும்.

உள்ளே போன நீராவி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, வெப்பத்தை உறிஞ்சி தீயின் உச்ச சூட்டைக் குறைக்கிறது. இரண்டு, நைட்ரஜனைத் தாக்கக் காத்திருக்கும் ஆக்ஸிஜன் அணுக்களில் ஒரு பகுதியோடு தானே வினைபுரிந்து அவற்றைக் குறைக்கிறது. இதில் முதல் வேலைதான் முக்கியம். விளைவு, மரியெல்லாவின் நைட்ரஜன் ஆக்ஸைடு சுமார் 70 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது!

அளவுக்கு மிஞ்சினால்...

மின்சாரம் தயாரிக்கும் கேஸ் டர்பைன்களிலும் இந்த உத்தி உண்டு. அங்கே நீராவியை நேரடியாகவே செலுத்துவார்கள். டர்பைன் வழியே பாயும் வாயுவின் அளவு கூடுவதால், மின் உற்பத்தியும் கொஞ்சம் அதிகரிக்கும். ஆனால், தண்ணீர் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உப்புகள் டர்பைன் இறக்கைகளில் படிந்துவிடும். நீராவி அதிகமானாலும் ஆபத்துதான். எரிபொருள் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடு கூடிவிடும். நிலக்கரியில் எரிபொருளுக்குள்ளேயே நைட்ரஜன் இருப்பதால், அங்கே இந்த உத்தி அவ்வளவாக எடுபடாது.

'அப்படியென்றால், கேஸ் அடுப்பில் இட்லி வேகும்போது வரும் ஆவியும் புகையைக் குறைக்குமா?' என்று கேட்கலாம். குறைக்காது. அந்த ஆவி தீயோடு கலக்காமல் மேலே போய்விடுகிறது. கேஸ் அடுப்பின் நீலச் சுடரும் கொஞ்சம் நைட்ரஜன் ஆக்ஸைடை வெளியிடத்தான் செய்யும். எனவே, அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஜன்னலைத் திறந்து வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால், சமையல் முடிந்த பிறகும் சிறிது நேரம் ஓடட்டும்!