ஏரிக்கு மேலே ஒரு பிடிவாதம்

வட இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் கடனாபியா சின்ன ஊர். ஒரு படகுத்துறை, சில ஹோட்டல்கள், சாலை, அதைத் தாண்டினால் உடனே மலை. படகிலிருந்து இறங்கும் பயணிகள் பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் வில்லா கார்லோட்டா தோட்டத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். மூச்சு வாங்க மேலே ஏறுகிறவர்கள் குறைவு. ஏறினால், மரங்களுக்கு நடுவே வில்லா லா கொலினா. பெயருக்கு அர்த்தமே 'குன்று'தான்.

மேற்கு ஜெர்மனியின் முதல் சான்ஸலர் (நம் பிரதமர் மாதிரி) கொன்ராட் அடினாவர் விடுமுறையில் தங்கிய வீடு இது. 1957-லிருந்து 1966 வரை 18 முறை இந்த ஊருக்கு வந்தார். முதலில் வேறு வீடுகள், பிறகு இது. மாடியில் நின்றால் எதிர்க்கரையில் பெல்லாஜியோ. அங்கேதான் ஏரி இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. பின்னால் பாறை மலைகள். தெற்கே சில கிலோமீட்டரில்தான் 1945 ஏப்ரல் 28-ல் முசோலினி சுட்டுக் கொல்லப்பட்டார். ஹிட்லர் ஆட்சியில் மேயர் பதவி பறிக்கப்பட்டு, இரண்டு முறை கைதாகி, 73 வயதில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் சான்ஸலரான மனிதருக்கு ஓய்வெடுக்க இந்த ஏரிக்கரை வாய்த்தது.

ஓய்வு என்பது பெயருக்குத்தான். பானிலிருந்து கோப்புகள் வந்தன, அமைச்சர்கள் வந்தார்கள். இடையில் 'போச்சா' ஆட்டம். சிறிய பந்து ஒன்றை உருட்டிவிட்டு, பெரிய பந்துகளை அதன் அருகில் போய் நிற்கும்படி வீசும் இந்த விளையாட்டு கிழவருக்கு உயிர்.

இந்த ஊரின் பெயர் ஜெர்மன் அரசியலில் நிலைத்தது 1959-ல். ஜனாதிபதி தியோடர் ஹாய்ஸின் பதவிக்காலம் முடிய இருந்தது. அந்த இடத்துக்குத் தானே போட்டியிடப்போவதாக ஏப்ரலில் அடினாவர் அறிவித்தார். ஜனாதிபதி பதவியின் பலம் மற்றவர்கள் நினைப்பதைவிட அதிகம் என்பது அவர் வாதம். பிறகு விடுமுறைக்கு கடனாபியா வந்தார். அரசியல் சட்டத்தை நிதானமாகப் படித்தார். தேடிய பலம் அதில் இல்லை. ஜனாதிபதி கையெழுத்துப் போடலாம், உரையாற்றலாம். ஆட்சி செய்வது சான்ஸலர். போதாக்குறைக்கு, காலியாகும் நாற்காலியில் கட்சி உட்காரவைக்க விரும்பியது பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்டை. அடினாவருக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஜூனில் மனுவை விலக்கிக்கொண்டார். சொந்தக் கட்சியே முகம் சுளித்தது. ஜூலை 1-ல் ஹைன்ரிஷ் லூப்கே ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்திய வாசகர்களுக்கு இது புதிய கதையல்ல. அடுத்த ஆண்டே, 1960 நவம்பர் 28-ல், நம் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத், தன் அதிகாரங்கள் பிரிட்டிஷ் அரசருடையதைப் போன்றவைதானா என்று ஆராய வேண்டும் எனப் பேசி நேருவைச் சங்கடப்படுத்தினார். அவர் பதவியில் அமர்ந்தபின் கேட்டதை, அடினாவர் அமர்வதற்கு முன்பே படித்துத் தெரிந்துகொண்டார். சாமர்த்தியம்தான். ஆனால் அது நாட்டுக்காகச் செய்த சாமர்த்தியம் என்று சொல்ல முடியாது.

நான்கு ஆண்டுகள்தான் தள்ளிப்போட முடிந்தது. 1963-ல் கூட்டணிக் கட்சியின் நெருக்கடியில் 87 வயதில் விலகினார். நாற்காலி எர்ஹார்டுக்கே போனது. மலை வீட்டில் நினைவுக் குறிப்புகளை எழுதியபடி, 1966-ல் எர்ஹார்ட் கவிழ்ந்ததையும் பார்த்துவிட்டு, மறு ஆண்டு ஏப்ரலில் அடினாவர் மறைந்தார்.

1977-ல் அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை வில்லாவை வாங்கி, கருத்தரங்குகள் நடத்தும் இடமாக்கியது. அவர் கடைசியாக வந்த 1966-ல் ஓவியர் ஆஸ்கர் கோகோஷ்கா இந்த ஊரில் அவரை எதிரே உட்காரவைத்து வரைந்தார். நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று ஒதுக்கிய ஓவியர் அவர். வரைந்தவருக்கு 80 வயது, உட்கார்ந்தவருக்கு 90. அந்த ஓவியம் பின்னாளில் பெர்லினில் ஏஞ்சலா மெர்க்கெலின் அலுவலக மேஜைக்குப் பின்னால் தொங்கியது. அடினாவரின் 14 ஆண்டுகளைத் தாண்டி 16 ஆண்டுகள் பதவியில் இருந்த மெர்க்கெல், 2021 தேர்தலில் போட்டியிடாமல் தானாகவே வீட்டுக்குப் போனார்.