குரூசோவின் தீவும் நொக்ஸின் நாடும்

மாங்கேணியிலிருந்து வாகரை, வெருகல் எனக் கரையோரமாக வடக்கே செல்லும் வழி, கொட்டியாரக் குடாவை அடுத்த மூதூரைச் சென்றடைகிறது. புயலிற் பழுதுற்ற ஆங்கிலக் கப்பலொன்று அக்குடாவில் நங்கூரமிட்டிருந்தபோது, 1660ஆம் ஆண்டு, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அதிலிருந்தோர் சிலரைச் சிறைப்பிடித்தனர். அவருள் ஒருவரான றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் கண்டிநாட்டிலே கைதியாக வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், 1719இல் டானியல் டீபோ எழுதிய ‘றொபின்சன் குரூசோ’வுக்கு மூலங்களுள் ஒன்றென ஆய்வாளர் பலர் கருதுவர்.

இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போருக்கு ஒரு விந்தை புலனாகும். நொக்ஸ் ஊரார் அளித்த சோற்றை உண்டவர். தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன்கொடுத்தும் பிழைத்தவர். அவர்தம் மொழியைக் கற்றவர். டீபோவின் கையிலோ கைதி தலைவனாகிறான். மக்கள் நிறைந்த நாடு ஆளில்லாத் தீவாகிறது. பின்னர் அங்கு வந்து சேரும் மனிதனுக்குப் பெயரிடுபவனும் குரூசோவே. அம்மனிதனுக்கு அவன் முதலிற் கற்பிக்கும் சொற்களுள் ‘எசமான்’ என்பதும் ஒன்று.

அதனினும் நுட்பமானது அடிச்சுவட்டுக் காட்சி. மணலிலே ஒற்றைச் சுவடு, ஆளைக் கண்டிலன். ஆயினும் குரூசோ ஓடி ஒளிந்து, நெடுங்காலம் அஞ்சிக் கிடக்கிறான். நரமாமிசம் உண்போரை ஆசிரியர் பின்னர்க் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்பது வேறு. அவர்கள் வருமுன்னரே அச்சம் வந்துவிட்டது. தன்னுள்ளே கிடப்பதைப் பிறர்மேல் ஏற்றிக் காணும் இவ்வியல்பை உளநூலார் புறத்தெறிதல் என்பர்.

மடகஸ்காரிற் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ஒக்டாவ் மன்னோனி, 1950இல் வெளியிட்ட நூலில், குரூசோவையும் சேக்ஸ்பியரின் பிராஸ்பெரோவையும் இந்நோக்கிலேயே ஆராய்ந்தார். ஆனால் அவரே, ஆளப்படுவோரிடம் பிறரைச் சார்ந்து நிற்கும் மனப்பாங்கு முன்னரே உண்டு என எழுதினார். 1952இல் பிரான்ஸ் பனோன் அதனைக் கடுமையாக மறுத்தார். மறுப்பு நியாயமானதே. 1947இல் எழுச்சி செய்து, இரத்தத்தில் அடக்கப்பட்ட மக்களையா சார்புள்ளத்தவர் என்பது? வைத்தியரையும் நோய் பற்றிக்கொண்டது போலும்!

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. வேடர் சிரிப்பறியாதவர் என 1876இல் எழுதினார், ஹார்ட்ஸ்ஹோர்ன் என்னும் ஆங்கில அதிகாரி. அதிகாரி முன்னே நிறுத்திச் சோதிக்கப்பட்டவன் சிரிக்கவில்லை; அதற்கு அவன் இனமே காரணமாயிற்று! பின்வந்தோர் வேடரின் சிரிப்பைக் கேட்டே எழுதினர்.

வெள்ளையரைக் குறைகூறி நாம் ஓய்ந்துவிடலாகாது. வாகரை, பனிச்சங்கேணி, மாங்கேணிப் பகுதிகளிலே தமிழ் பேசும் கரையோர வேடர் இன்றும் வாழ்கின்றனர். கண்ணப்பரையும் வள்ளியையும் கைகூப்பித் தொழும் நம்மவர், அயலூரில் வலைவீசும் இம்மக்களைப்பற்றி எழுதப் புகுந்தால், பெரும்பாலும் வில்லையும் தேனையும் மாத்திரமே காண்கின்றனர். அவர்களின் கடன், கல்வி, காணி ஆகியவற்றை எழுதியவர் எத்துணை பேர்?

குரூசோவின் கதைச் சுருக்கத்தை வகுப்பிற் படிப்பிக்கும் ஆசிரியர்கள் நொக்ஸின் சில பக்கங்களையும் உடன் படிப்பித்தல் நன்று. அச்சுவட்டைப் பதித்தவன் அக்கதையை எவ்வாறு சொல்லியிருப்பான் என மாணவரை எழுதச் செய்க. மாங்கேணிப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளைப் படிக்க எமக்கு ஆவலுண்டு.