பழைய காரின் முறைக்காய்ச்சல்

அடியோடு இயங்காத மோட்டார் வண்டியைச் செப்பஞ் செய்வது அத்துணை அரிதன்று. காலையில் உடனே கிளம்பி, நண்பகலில் மறுத்து, மாலையில் ஒன்றும் நிகழாதது போல் மீண்டும் கிளம்பும் வண்டியே உடையவரையும் மெக்கானிக்கையும் ஒருங்கே வருத்துவது. இஃது அவ்வண்டிக்கு நேர்ந்த முறைக்காய்ச்சல் எனலாம். காய்ச்சல் விட்ட வேளையில் நாடி பார்த்து மருந்து கொடுப்பார் போல, வண்டி நன்றாய் ஓடும் நேரத்தில் அதனைப் பட்டறைக்குக் கொணர்ந்து, காரணம் காணாமலே உறுப்புக்களை மாற்றும் வழக்கம் நம்மிடையே மலிந்துள்ளது. அவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே நம் கருத்து.

அம்பாஸடர் காரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழித்தோன்றலாகிய இது, வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்டது. செய்வது நின்றபின்னும் இதனைப் பேணுவோர் உளர். குடுமியான்மலையிலிருந்து புதுக்கோட்டை நகர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நள்ளிரவில் நோயாளி ஒருவரை அங்குக் கொண்டு செல்ல நேர்ந்து, வீட்டில் அவ்வண்டி ஒன்றே இருக்குமாயின், ‘பெரும்பாலும் கிளம்பும்’ என்னும் உறுதி போதுமோ?

குடுமியான்மலை, செவியின் அருமை அறிந்த ஊர். ஆங்குள்ள குடைவரைக் கோயிலின் அருகே, 7-ஆம் நூற்றாண்டு எழுத்தமைதியில், சுரங்களை ஏழு பிரிவுகளாகப் பொறித்த இசைக் கல்வெட்டு இன்றும் காணத்தக்கது. மோட்டார் சோதனையையும் செவியினின்றே தொடங்குதல் நன்று. சாவியைத் திருப்பியதும் யாதொரு ஓசையும் எழாவிடின், சுவிட்சு முதல் சொலினாய்டு வரையுள்ள வழியை ஆராய்க. ‘டக்’ என்னும் ஓரொலியோடு அடங்கினாலும், செல்ஃப் மோட்டார் முனகிச் சுழன்றாலும், மின்சாரம் போதிய அளவு சென்று சேரவில்லை என்றோ, செல்ஃப் மோட்டாரே தேய்ந்தது என்றோ ஐயுறுக. செல்ஃப் விரைந்து சுழன்றும் என்ஜின் பற்றவில்லையாயின், குறை தீப்பொறியிலோ பெட்ரோலிலோ உள்ளது.

அடுத்து மீட்டரைக் கைக்கொள்க. ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். செல்ஃப் சுழலுங்கால் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே வீழுமாயின் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். வீழாமலே ‘டக்’ என்றால், டெர்மினலில் பூத்த வெண்படிவையும், என்ஜினை உடற்கூட்டோடு இணைக்கும் எர்த் பட்டையையும் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியிருக்கும்போதே பேட்டரியின் எர்த் முனைக்கும் என்ஜினுக்கும் இடையே மீட்டரை வைத்து, அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால் அவ்வழியில் தடையுண்டு என்று துணியலாம்.

வெயிலில் ஓடி நின்றபின் மட்டும் மறுக்கும் வண்டியை, அது மறுக்கும் அப்பொழுதே சோதிக்க வேண்டும். தீப்பொறி இல்லையேல் காயிலும் கண்டென்சரும் ஐயத்திற்குரியன. சூடேறித் தளர்ந்து, ஆறியதும் தேறுவது அவற்றின் இயல்பு. தீப்பொறி செவ்வையாய் இருப்பின், குழாயில் பெட்ரோல் ஆவியாகித் தடைப்பட்டதோ என்று காண்க. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. பழைய ரப்பர்க் குழாயையும் பம்பின் சவ்வையும் நைவிக்க வல்லது அது. ஆதலின் அவற்றையும் நோக்குக.

“இத்துணை ஆராய்ச்சி எதற்கு? காயில், கண்டென்சர், பேட்டரி மூன்றையும் மாற்றினால் முடிந்தது” என்பாரும் உளர். நேரம் பொன்னானது என்னும் அவர் கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும், மூன்றை ஒருங்கே மாற்றியபின் வண்டி கிளம்பினால், எது குற்றமுடையது என்பதை எவரும் அறியார். மாற்றும்போது கை பட்டு இறுகிய ஒரு கம்பியே உண்மைக் காரணமாயிருக்கலாம். சில திங்களில் அது மீண்டும் தளர, பழைய நோய் திரும்பும். தரமற்ற புதிய உறுப்பொன்று புதியதொரு நோயையும் கொணரலாம். செலவோ உடையவர் தலையில்.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. “மாலைக்குள் வேண்டும்” என்று நெருக்கும் நாமும் பங்காளிகளே. ஆகலின், உடையவர் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை வண்டியிலேயே வைத்துக்கொள்க. மறுத்த நாள், நேரம், வெயிலோ மழையோ, எத்துணைத் தூரம் ஓடியபின், எவ்வகை ஓசை என ஐந்தே செய்திகளை எழுதுக. பத்து முறை எழுதியபின் அக்குறிப்பே பாதி வழியைக் காட்டிவிடும். மெக்கானிக்கும் ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றி, அதன் பயனைக் கண்ட பின்னரே அடுத்ததைத் தொடுக.

ஆய்வுக் கூடத்தில் ஒன்றை மாற்றி ஏனையவற்றை நிலையாய் வைத்துச் சோதிக்கக் கற்கும் மாணவ நண்பர்களே! அம்முறை தேர்வுத் தாளோடு முடிவதன்று. உங்கள் வீட்டுப் பழைய வண்டியின் மூடியைத் திறக்கும்போதும் அதனைக் கைவிடாதீர்கள்.