முட்டை எந்த அடுப்பில் வேகும்?

வாடகைக்கு வீடு தேடிப் புதுச்சேரித் தெருக்களில் அலைந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல: “நீங்க சைவமா?” சாதியை நேராகக் கேட்கத் தயங்குகிறவர்கள் சாப்பாட்டைக் கேட்பார்கள். எனக்கு ஒரு வீடு முட்டையால் கைநழுவியது. “கறி, மீன் சமைக்க மாட்டோம், பிள்ளைக்கு முட்டை மட்டும் அவிப்போம்” என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அப்படிச் சொன்னதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். வீட்டுக்காரர் அசையவில்லை.

எனக்கு வேறு வீடு கிடைத்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வேறு சமையலறை கிடைக்குமா?

இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவது பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கம், 1930இலேயே தொடங்கியது. அந்தப் பொறுப்பைத்தான் நம் அரசு அட்சய பாத்திரா அறக்கட்டளையிடம் கொடுத்தது. பெங்களூரு இஸ்கான் வழிவந்த அமைப்பு அது. அதன் அடுப்பில் முட்டை வேகாது. வெங்காயம், பூண்டையும் விலக்குவது அவர்கள் மரபு. இதற்கும் சத்துக்கும் தொடர்பில்லை. எது சுத்தம், எது அசுத்தம் என்ற பழைய கணக்கு இது.

சத்துக்கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒன்றிய அரசின் விதிப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் மதிய உணவில் 12 கிராம் புரதம் இருக்க வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். பாதி அங்கேயே முடிந்தது. அதுவும் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் அத்தனையும் அடங்கிய புரதம். மஞ்சள் கருவில் வைட்டமின் ஏ, டி, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின். ரத்தம் ஊறவும் நரம்புக்கும் தேவையான பி12 எந்தப் பருப்பிலும் கீரையிலும் கிடையாது. பாலில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் பாலில் தண்ணீர் ஊற்றலாம், சாம்பாரில் பருப்பைக் குறைக்கலாம். முட்டையில் யார் கைவைக்க முடியும்? எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் பிள்ளையே கேட்கும்!

முட்டை சாப்பிடாத பிள்ளை என்ன செய்யும்? பக்கத்திலேயே விடை இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010இல் வாரம் ஐந்து என்றானது. வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம். அவ்வளவுதான் விஷயம்.

கர்நாடகத்திலும் 2021இல் முட்டை திட்டம் வந்தபோது வாழைப்பழம் சேர்த்தே வந்தது. அப்படியும் சில மடாதிபதிகள் எதிர்த்து நின்றார்கள். தன் தட்டில் விழாத முட்டைக்கு ஏன் இவ்வளவு கோபம்? பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் தட்டில் விழுகிறதே, அதுதான் உறுத்துகிறது. இதற்கு நம் ஊரில் தீட்டு என்று பெயர்.

முட்டையை அரசு தனியாக ஏற்பாடு செய்துகொள்ளட்டும் என்று சமாதானம் சொல்லுகிறவர்கள் உண்டு. சோறு ஓரடுப்பில், முட்டை வேறடுப்பில். இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் இந்தச் சமாதானம் எடுபடாது. பள்ளிக்கூடத்து அடுப்பைப் பள்ளிக்கூடத்திலேயே மூட்டுங்கள். அந்தத் தெருப் பெண்களுக்கு அதில் வேலை கொடுங்கள். வாரத்தில் ஐந்து நாளும் அதே அடுப்பில், சோற்றுக்குப் பக்கத்தில் முட்டையும் வேகட்டும்.