குளிருதுன்னு சொன்னா மாடல் சரியில்லையாம்!

மக்களே, இந்த வாரம் ஆணி கம்மி. அதனால மனசுல கிடந்த ஒரு எரிச்சலைக் கொட்டிடறேன்.

2021 பிப்ரவரியில சென்னை நீலாங்கரை கடல்ல, 60 அடி ஆழத்துல ஒரு ஜோடி மாலை மாத்திக்கிட்டது ஞாபகம் இருக்கா? அவங்க முறையா பயிற்சி எடுத்து, காத்து சிலிண்டரோட இறங்கினவங்க. அதையெல்லாம் விட்டுட்டு "தண்ணிக்குள்ள போட்டோ"ங்கிறதை மட்டும் பிடிச்சுக்கிட்டா எப்படி? நம்ம ஊர்ல காவிரி கலங்கல், அதனால நீச்சல் குளம். எடுக்கிறவர் ரப்பர் சூட்டுல, மாடல் பொண்ணு ஷிபான் சேலையில. குளிருதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா, "திருச்சி வெயிலுக்குக் குளிரா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சிஸ்டர்!"

வெயில் வேற, தண்ணி வேறங்க. காத்தை விட தண்ணி ஏறக்குறைய 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை உறிஞ்சும். நீச்சல் போட்டிக் குளத்துக்கு உலக விதி 25 முதல் 28 டிகிரி. அது கையைக் காலை அடிச்சு நீந்துறவனுக்கு. அசையாம மிதக்குற மாடலுக்கு 33 டிகிரிக்கு மேல இருந்தாத்தான் சூடு இறங்காது. துலா ஸ்நானத்துக்கு அம்மா மண்டபம் போற மாமிகூட முழுக்குப் போட்டதும் கரையேறி ஈரப்புடவையை மாத்திடுறாங்க. மாடல் மட்டும் மணிக்கணக்குல ஊறணுமா?

இதுல "டெடிகேஷன்"னு பாராட்டு வேற. நடுங்குற தாடையும் நீலம் பூத்த உதடும் எந்தப் படத்துக்குங்க அழகு? குளிர்ல மூச்சு அடக்குற நேரமும் குறையும். அதுக்கு வேக வேகமா மூச்சு இழுத்து விட்டு முங்கச் சொல்றது அதைவிடக் கொடுமை. உள்ளேயே மயக்கம் போட்டுடும்.

செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. உச்சி வெயில் நேரத்துல எடுங்க. படத்துல தெரியாத இடத்துல, சேலைக்கு உள்ளே மெல்லிசா ஒரு ரப்பர் பனியன் கொடுங்க. சின்னச் சின்ன முங்கல், நடுவுல காத்துப் படாத இடம், காய்ஞ்ச துண்டு, பிளாஸ்க்ல சுக்கு காப்பி. பக்கத்துல நீச்சல் தெரிஞ்ச ஒரு ஆள், அவருக்கு வேற வேலையே கூடாது. முக்கியமா, "போதும்"னு மாடல் சொன்னா போதும். அதுக்கு மேல ஒரு கிளிக்கும் வேண்டாம்.

லட்ச ரூபாய் கேமராவுக்கு தண்ணி புகாத உறை வாங்கத் தெரியுது. அதுக்கு முன்னாடி நிக்கிற உடம்புக்கு ஒரு துண்டு வாங்கத் தெரியலைன்னா அது கலை இல்லை, கஞ்சத்தனம்.

டிஸ்கி: சண்டைக்கு வர்ற போட்டோகிராபர் அண்ணன்கள், ரப்பர் சூட்டைக் கழட்டிட்டு, ஒரு மார்கழிக் காலையில அரை மணி நேரம் குளத்துல அசையாம இருந்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம் :-)