வீதியில் போற்றினோம், மஹல்லாவில் மறந்தோம்

ஷாஹீன் பாக் என்ற பெயரைக் கேட்டாலே நம் நெஞ்சு நிமிர்கிறது. 2019 டிசம்பர் 15 அன்று, டெல்லி ஜாமிஆ மில்லியா மாணவர்கள் மீது காவல்துறை தாக்குதல் நடத்திய இரவில், அருகிலிருந்த ஷாஹீன் பாக் பெண்கள் சாலையில் வந்து அமர்ந்தனர். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்த அந்த அமர்வு, கொரோனா ஊரடங்கின்போது 2020 மார்ச் 24 அன்று அகற்றப்படும்வரை நூறு நாட்கள் நீடித்தது. 2020 பிப்ரவரியில் சென்னை பழைய வண்ணாரப்பேட்டையிலும் நம் பெண்கள் அவ்வாறே அமர்ந்தனர். அந்தப் படங்களைப் பகிர்ந்து நாம் பெருமை கொண்டோம். ஆனால் அவர்கள் எவ்வாறு வீதிக்கு வந்தார்கள் என்பதை விளங்கிக்கொண்டோமா?

எதிர்த்தரப்பார் இரண்டு விளக்கங்கள் தந்தனர். "கூலிக்கு வந்தவர்கள்" என்பது ஒன்று. அது வெறும் அவதூறு. "உணர்ச்சிவசப்பட்ட கூட்டம்" என்பது மற்றொன்று. கூட்டத்தில் கலந்த மனிதன் அறிவை இழக்கிறான் என்று பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ பான் 1895இல் எழுதியதன் எதிரொலி அது. நூறு நாட்கள், வீட்டு வேலையை முடித்து முறைவைத்து வந்து அமர்ந்தவர்களை, பேருந்து நிறுத்தத்தை நூலகமாக்கியவர்களை, அறிவிழந்த கூட்டம் என்பது எத்தகைய அநீதி!

1960களுக்குப் பின் எழுந்த மாணவர், பெண்கள், சூழலியல் போராட்டங்களை ஆராய்ந்த ஐரோப்பிய அறிஞர்கள் அவற்றைப் 'புதிய சமூக இயக்கங்கள்' என்றனர். அவர்களுள் இத்தாலியின் அல்பெர்ட்டோ மெலூச்சி கூறியது நம் கவனத்திற்குரியது. இயக்கத்திற்கு இரு நிலைகள் உண்டு. வீதியில் தெரிவது ஒன்று. அது குறுகிய காலமே நீடிக்கும். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. அன்றாட வாழ்வின் சிறு வட்டங்களில், அண்டை அயலாரின் உறவில், 'நாம்' என்னும் உணர்வு மெல்ல உருவாகிறது. மறைந்திருக்கும் அந்த வலையே ஒருநாள் வீதியில் வெளிப்படுகிறது.

இக்கோட்பாட்டில் குறையும் உண்டு. பழைய போராட்டங்கள் கூலிக்கும் சொத்துப் பங்கீட்டுக்கும் உரியவை, புதியவை அடையாளத்திற்கும் வாழ்முறைக்கும் உரியவை என்று அது பிரிக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஏழை மூதாட்டிக்கு இந்தப் பிரிவினை பொருந்துமா? ஒரு காகிதம் இல்லையென்றால் தன் அடையாளமும் உணவும் உறைவிடமும் ஒருசேரப் பறிபோகும் என்றே அவர் அஞ்சினார். துஆவும் அரசியலமைப்பின் முகப்புரையும் ஒரே பந்தலில் ஒலித்ததையும் அக்கோட்பாடு எளிதில் விளக்கிவிடாது.

ஆயினும் மெலூச்சியின் கூற்று நம்மைச் சுடுகிறது. வீதியின் வலிமை வீட்டிலும் மஹல்லாவிலும் விளைந்தது என்றால், அங்கே நாம் பெண்களுக்கு அளித்துள்ள இடம் என்ன? நம் ஜமாஅத் நிர்வாகங்களில் பெண்ணின் குரல் கேட்கும் இடங்கள் எத்தனை? மஹர், தலாக், ஜீவனாம்சம் பற்றிய பஞ்சாயத்துகளில், யாருடைய வாழ்வு பேசப்படுகிறதோ அவள் வெளியே நிற்கிறாள். உள்ளே அவளுடைய அண்ணன் பேசுகிறார். நாட்டுக்காக நடுச்சாலையில் அமர அவளை அழைத்தோம். அவளுடைய சொந்த வழக்கில் அமர அழைத்தோமா?

"வீதிக்கு வந்தது நிர்ப்பந்தம், நிர்வாகம் ஆண்களின் பொறுப்பு" என்பார் சிலர். அவர்கள் ஹுதைபிய்யாவை நினைவுகூரட்டும். உடன்படிக்கையால் மனமுடைந்த ஸஹாபாக்கள், குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டும் எழாமல் இருந்தனர். அவ்வேளையில் வழி சொன்னவர் அன்னை உம்மு ஸலமா (ரலி). "யாரிடமும் பேசாமல், முதலில் தாங்களே செய்யுங்கள்" என்ற கருத்தில் அவர் ஆலோசனை கூற, நபியவர்கள் அதை ஏற்றுச் செய்தார்கள், மக்கள் பின்பற்றினர். ஒரு சமுதாயமே திகைத்து நின்றபோது பெண்ணின் ஆலோசனை ஏற்கப்பட்டது. அதைவிடப் பெரியவையா நம் மஹல்லாவின் அலுவல்கள்?

ஆகவே கேட்கிறோம்: குடும்ப வழக்குகளை விசாரிக்கும் ஒவ்வொரு ஜமாஅத்திலும் பெண்கள் அமரட்டும், பேசட்டும், அவர்களின் சொல் பதிவேட்டில் ஏறட்டும். அதைச் செய்யாமல் ஷாஹீன் பாக் படத்தைப் பகிர்வது, பிறர் உழைப்பில் நாம் பெருமை தேடுவதாகும். சொல்லும் செயலும் ஒன்றாகும் பாக்கியத்தை அல்லாஹ் நமக்கு நல்குவானாக.