வட்டத்துக்குள் ஒரு வாசிப்பு

எங்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், வீடு மாறும்பொருட்டுத் தம் புத்தகங்களைக் கழித்துக்கொண்டிருந்தார். தமிழ் நூல்களை எடுத்துச் செல்லுமாறு என்னை அழைத்திருந்தார். நூல்களுக்கு நடுவே, நடுவில் ஆணியடித்த, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் அட்டை வட்டு ஒன்று கிடந்தது. விளிம்பெங்கும் நெருக்கமான கோடுகள், எண்கள். "தமிழய்யா, இதை எடைக்குப் போட மனம் வரவில்லை. ஆனால் வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பயன்?" என்றார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது ஒருவாறு இருப்பதாகத் தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

அது வானொலிக் கணக்குகளுக்கான வட்ட ஸ்லைடு ரூல். அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்ற பொழுதுபோக்கு வானொலியாளர் சங்கம் 'லைட்னிங் கால்குலேட்டர்' என்ற பெயரில் இத்தகைய வட்டுகளை 1930களில் விற்றது. கம்பிச்சுருளின் விட்டம், நீளம், அங்குலத்துக்கு எத்தனை சுற்று, மின்தேக்கியின் அளவு, அலைநீளம், அதிர்வெண் என ஒரு வானொலிப் பெட்டியைத் தானே கட்டுகிறவனுக்கு வேண்டியவையெல்லாம் அந்த விளிம்புகளில் அடங்கியிருந்தன. ஓம் விதிக்கென்று தனி வட்டும் உண்டு.

இதன் அடிப்படை மிக எளியது. ஜான் நேப்பியர் 1614இல் மடக்கைகளை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தருவதே மடக்கையின் வேலை. மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவில் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்தவன் நான். கிளார்க் அட்டவணையைப் புரட்டிக் கணக்குப் போட்ட என் தலைமுறைக்கு இது புதிதன்று. அந்த அட்டவணையை ஒரு வட்டத்தின் விளிம்பில் எழுதிவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். 1இலிருந்து புறப்பட்டு ஒரு சுற்று முடிந்தால் 10. அதுவே மீண்டும் 1. அந்தச் சுற்றில் 2 என்ற எண் ஏறத்தாழ 108ஆவது பாகையில் அமரும். 4 என்பது 217இல். 8 என்பது 325இல். 108ஐயும் 217ஐயும் கூட்டினால் 325. இரண்டையும் நான்கையும் பெருக்கினால் எட்டு என்பதை வட்டு இப்படித்தான் 'சொல்கிறது'. நீள ஸ்லைடு ரூலில் விடை சில வேளைகளில் கோலின் முனையைத் தாண்டிப் போய்விடும். நழுவும் சட்டத்தை மறுபுறம் இழுத்துத் திரும்பத் தொடங்க வேண்டும். வட்டத்துக்கு முனை கிடையாது. 25 சென்டிமீட்டர் நீளக் கோலின் அளவுகோடு முழுவதும் 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டின் விளிம்பில் அடங்கிவிடும்.

வானொலிக்கு வருவோம். 200 மைக்ரோஹென்றி கம்பிச்சுருளும் 365 பைக்கோஃபாரட் மின்தேக்கியும் இணைந்தால் எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும்? இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, இரண்டு பையால் பெருக்கி, வந்ததைக் கொண்டு ஒன்றை வகுக்க வேண்டும். விடை சுமார் 589 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலைவரிசையில் ஓரிடம். காகிதத்தில் செய்தால் சில நிமிடங்கள், தசமப் புள்ளியைத் தவறவிட்டால் பத்து மடங்குப் பிழை. வட்டிலோ ஒரு திருப்பு. வர்க்கமூலமும் இரண்டு பையும் கோடுகளின் இடைவெளிக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. ஒரு நீண்ட உரையை இரண்டடி நூற்பாவுக்குள் இறுக்கி வைப்பவனின் வேலை இது என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி என் கருத்து. பழங்கருவிகளைப் பற்றிப் பேசுவோர் இரு வகை. ஒரு சாரார், 'அக்காலத்தில் மூளையைப் பயன்படுத்தினார்கள், இக்காலத்தில் பொத்தானை அமுக்குகிறார்கள்' என்று பெருமூச்சு விடுபவர்கள். மறு சாரார், '1972இல் எச்பி-35 என்ற கையடக்கக் கணிப்பான் வந்ததும் இதன் கதை முடிந்தது, குப்பையில் போடுங்கள்' என்பவர்கள். இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

முதல் சாராருக்கு வட்டே பதில் சொல்லும். பொதுவான ஸ்லைடு ரூலில் தசமப் புள்ளி எங்கே விழும் என்பதைப் பயன்படுத்துபவரே மனத்தில் கணித்துக்கொள்ள வேண்டும். 589 என்று படிப்பவர், அது 5.89ஆ 58,900ஆ என்பதைத் தாமே அறிய வேண்டும். வானொலி வட்டு அந்தச் சுமையையும் இறக்கிவிட்டது. அளவுகள் அலகுகளோடு அச்சாகியிருந்தன; சூத்திரம் தெரியாதவரும் விடை காணலாம். ஆகவே 'சிந்திக்காமல் விடை' என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. அது அந்த அட்டையிலேயே தொடங்கிவிட்டது.

உண்மையில் இச்சண்டை வட்ட ஸ்லைடு ரூலோடு உடன்பிறந்தது. இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்து கணிதம் கற்பித்த வில்லியம் ஆட்ரெட்டின் வட்டக் கருவியை விளக்கும் நூல் 1632இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, அவரிடம் பயின்ற ரிச்சர்ட் டெலமெயின் 1630இல் இத்தகைய வட்டக் கருவி பற்றி ஒரு நூல் வெளியிட்டுவிட்டார். யார் முதலில் என்ற பூசலுக்குள் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. கோட்பாட்டைக் கல்லாமல் கருவியை மட்டும் கையில் கொடுத்தால் மாணவர் வெறும் வித்தைக்காரர் ஆவர் என்பது ஆட்ரெட்டின் கட்சி. கோட்பாட்டுக்கு நேரமில்லாதவருக்கும் கணக்கு வேண்டும், அவர்களைக் கருவி வழியே அழைத்து வருவதில் இழிவில்லை என்பது டெலமெயினின் கட்சி. இருபதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நிற்கும் எனக்கு இருவர் குரலும் பழக்கமானவை. உரையைப் படித்துவிட்டுப் பாட்டைப் படித்ததாகச் சொல்லும் மாணவர்களைக் காணும்போது நான் ஆட்ரெட். அந்த உரையும் இல்லாவிட்டால் பாட்டின் பக்கமே வந்திருக்கமாட்டார்களே என்று எண்ணும்போது நான் டெலமெயின். நிமிடத்தில் கட்டுரை எழுதித் தரும் செயலி அவர்கள் கைப்பேசியில் வந்துவிட்ட இன்று, நானூறு ஆண்டுப் பழைய அந்த வழக்கு என் மேசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இவ்விடத்தில்தான் வட்டு எனக்கு ஒன்று கற்பித்தது. கருவி விடை தருகிறதா என்பதைக் காட்டிலும், விடை வந்த வழியைக் காட்டுகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மின்தேக்கியின் அளவை நான்கு மடங்காக்கி வட்டைத் திருப்பினால் அதிர்வெண் பாதியாவதைக் கண்ணால் காணலாம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று எவ்வளவு குறையும், எந்த இணைகள் ஒரே விடையைத் தரும் என்பதெல்லாம் ஒரே பார்வையில் விரிகின்றன. சூத்திரம் அறியாமல் வந்தவனும் நாலைந்து முறை திருப்பினால் சூத்திரத்தின் வாடையை உணர்வான். எண்ணை மட்டும் காட்டும் திரைக்கு இந்தக் குணம் இல்லை. விமானம் ஓட்டப் பயில்வோர் கையில் இ6பி என்ற வட்டக் கணிப்பான் இன்றும் இருக்கிறது என்பது இரண்டாம் சாராருக்குப் பதிலாகலாம்.

தமிழாசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வட்டில் 'கிலோசைக்கிள்' என்றும் 'மைக்ரோமைக்ரோஃபாரட்' என்றும் அச்சிட்டிருந்தது. முன்னதை இன்று கிலோஹெர்ட்ஸ் என்கிறோம். பின்னதைப் பைக்கோஃபாரட் என்கிறோம். ஹெர்ட்ஸ் என்ற அலகை எடைகள், அளவுகள் குறித்த பன்னாட்டுப் பொது மாநாடு 1960இல் ஏற்றது. ஒரு செய்யுளின் சொல்லாட்சியைக் கொண்டு அதன் காலத்தை ஊகிக்கும் நம் வழக்கப்படி, ஆண்டு குறிக்கப்படாத அட்டையையும் அதன் சொற்களைக் கொண்டே ஏறத்தாழக் காலம் கணிக்கலாம். கம்பிச்சுருளை அங்குலத்தில் அளக்கும் அதன் வழக்கம், தன் கையால் சுருள் சுற்றிய ஒரு மனிதனை நம் முன் நிறுத்துகிறது. படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு பிரதியே.

ஆகவே என் வேண்டுகோள் இது. இத்தகைய பொருட்களைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைக்க வேண்டா. சுழற்ற முடியாத வட்டு வாசிக்க முடியாத ஏட்டுக்கு ஒப்பானது. விளிம்புகளைப் படியெடுத்துக் கெட்டி அட்டையில் அச்சிட்டால் மாணவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒன்று செய்துகொள்ளலாம்; அதற்குக் கத்தரிக்கோலும் ஓர் ஆணியும் போதும். மூலத்தைப் பேணுவோம், படியைத் திருப்புவோம். சுவடிகளுக்கு நாம் செய்வதும் இதுதானே.

பேராசிரியரிடம் அந்த வட்டைக் கேட்டு வாங்கிவந்துவிட்டேன். யாருக்குப் பயன் என்று கேட்டாரல்லவா? சென்ற வாரம் இளங்கலை வகுப்பில் அதைச் சுற்றுக்கு விட்டேன். ஒரு மாணவி வெகுநேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதிலே 2க்கும் 4க்கும் இருக்கிற தூரமும் 4க்கும் 8க்கும் இருக்கிற தூரமும் ஒன்றாகவே இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டாள். நேப்பியர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அன்றைய யாப்பிலக்கணப் பாடம் அடுத்த நாளைக்குத் தள்ளிப்போயிற்று.